திவ்ரீ: வந்தவர்கள் செதுக்கிய ஊர்

1985-ஆம் ஆண்டு துருக்கியிலிருந்து முதன்முதலாக மூன்று இடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஒன்று இஸ்தான்புல்லின் பழைய நகரம். இன்னொன்று பாறைகளைக் குடைந்து கோயில்கள் அமைத்த கோரெமே. இந்த இரண்டையும் பார்க்க உலகமே திரண்டு போகிறது. மூன்றாவது இடத்தின் பெயரைக் கேட்டால், இஸ்தான்புல் போய்வந்தவர்களில் பெரும்பாலோர் விழிப்பார்கள். அது சிவாஸ் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், யூப்ரடீஸில் போய்ச் சேரும் சால்தி ஆற்றின் கரையில் இருக்கும் திவ்ரீ என்ற வட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அடங்கியது. அத்தனை பேரையும் கூட்டினாலும் மக்கள்தொகை 20,000-ஐத் தொடாது.

அங்காராவிலிருந்து சிவாஸ் வரை 2023-இல் அதிவேக ரயில் வந்துவிட்டது. முன்பு பத்து மணி நேரத்துக்கு மேல் பிடித்த தூரத்தை இப்போது இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதன் பிறகு அவசரத்துக்கு வேலையில்லை. சாலை வழியே போனால் கங்கல் ஊரைத் தாண்ட வேண்டும். ஓநாயை எதிர்த்து ஆட்டுமந்தையைக் காக்கும் கங்கல் நாய்கள் பிறந்த மண் அது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத மேட்டுப் புல்வெளி, எப்போதாவது ஒரு மந்தை, ஒரு மேய்ப்பன். பழைய ரயில் பாதையில் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி. அங்காராவிலிருந்து கார்ஸ் வரை ஓடும் கிழக்கு எக்ஸ்பிரஸ் இந்த மலை இடுக்குகளில் நெளிந்து, திவ்ரீ நிலையத்தில் நின்று போகிறது. ஊர் நெருங்க நெருங்க மலைச்சரிவு துருவின் நிறம் கொள்கிறது. துருக்கியின் மிகப் பெரிய இரும்புத்தாதுப் படிவங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 1930-களின் கடைசியில் தோண்டத் தொடங்கினார்கள். புதிய குடியரசு காராபுக்கில் எழுப்பிய முதல் பெரிய உருக்காலைக்குத் தாது இங்கிருந்துதான் போனது.

சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். இங்கே உலகப் பாரம்பரியம் எப்படி வந்து உட்கார்ந்தது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்குப் பதில் தேடி முதலில் ஊருக்கு மேலே நிற்கும் கோட்டைக்கு ஏறினேன். அதுதான் சரியான வரிசை என்று இப்போதும் நினைக்கிறேன். வாகனத்தில் வருகிறவர்கள் நேராகப் பட்டியலில் ஏறிய பள்ளிவாசலில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறி நின்றால்தான் ஊரின் இருப்பு புரியும். ஒரு பக்கம் செங்குத்தாக விழும் பாறை, அதன் அடியில் சால்தி. எதிர்ப்பாறையில் கெஸ்தோவான் என்ற இன்னொரு சிறு கோட்டையின் இடிபாடு. மறுபக்கம் சரிவில் பள்ளிவாசல். அதற்கும் கீழே முசுக்கட்டை மரங்களும் தகரக்கூரைகளுமாக ஊர். ஒளிந்துகொள்ள வேண்டியவன் தேர்ந்தெடுக்கும் இடம் இது.

உண்மையில் இந்த ஊரைப் பற்றி வரலாறு விரிவாகப் பேசும் முதல் கதையே ஒளிந்துகொள்ள வந்தவர்களின் கதைதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் பாலிசியர் என்றொரு கிறித்தவப் பிரிவினர் இருந்தார்கள். திருவுருவங்களை வணங்க மாட்டார்கள், சிலுவைக்கு முன் மண்டியிட மாட்டார்கள், குருமார்களின் அதிகார அடுக்கை ஏற்க மாட்டார்கள். 843-இல் திருவுருவ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்டிய பேரரசி தியோடோரா, அவர்களை ஒடுக்கப் படைகளை அனுப்பினாள். இலட்சம் பேர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், கொலைகள் மிகையல்ல. தன் தந்தையை அந்த ஒடுக்குமுறையில் பறிகொடுத்த கார்பியாஸ் என்ற பைசாந்தியப் படை அதிகாரி, தன் கூட்டத்தோடு எல்லை தாண்டி, மெலித்தீனின் அரபு அமீரிடம் அடைக்கலம் கேட்டான். அப்படிப் பிறந்ததுதான் தெஃப்ரிகே, இன்றைய திவ்ரீ. கிறித்தவப் பேரரசால் விரட்டப்பட்ட கிறித்தவர்களுக்கு ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் நிழலில் கிடைத்த குடியரண்.

கார்பியாஸுக்குப் பின் வந்த கிரிசோகெய்ர், இங்கிருந்து புறப்பட்டு ஏஜியன் கடற்கரையின் எபேசு வரை போய்ச் சூறையாடினான். புனித யோவான் ஆலயத்தில் அவன் குதிரைகளைக் கட்டினான் என்கிறது பைசாந்தியத் தரப்பு. கைதிகளை மீட்க 869-இல் பேரரசர் முதலாம் பாசில் அனுப்பிய தூதர் சிசிலியின் பீட்டர், மாதக்கணக்கில் இந்த ஊரில் தங்கினார். அவர் எழுதியதுதான் பாலிசியரைப் பற்றி நமக்கிருக்கும் முக்கிய ஆவணம். எதிரியின் பேனாவில் எழுதப்பட்ட வரலாறு அது. ஒரு மக்களைப் பற்றி அவர்களை வெறுத்தவர் எழுதியது மட்டுமே மிஞ்சுவதைவிடக் கொடிய தோல்வி வேறில்லை. 878-இல் பாசிலின் படை தெஃப்ரிகேயைப் பிடித்தது. பத்தாம் நூற்றாண்டில் பாலிசியர் பலரை ஐரோப்பிய எல்லைக்கு, இன்றைய பல்கேரியாவின் பிலோவ்திவ் பக்கம் பெயர்த்துக் குடியேற்றினார்கள். கோட்டைமேட்டில் அவர்களுக்கென்று ஒரு கல்கூட அடையாளம் காட்ட இல்லை.

அவர்களுக்குப் பின் ஆர்மீனியர் பெருகினார்கள். 1021-இல் வான் ஏரிப் பகுதியை ஆண்ட ஆர்மீனிய அரசர் செனெக்கெரிம், துருக்கியரின் படையெடுப்புக்கு அஞ்சித் தன் நாட்டைப் பேரரசரிடம் கொடுத்துவிட்டு, ஈடாகச் சிவாஸைப் பெற்றுக்கொண்டு, தன் மக்களோடு இந்தப் பக்கம் வந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1071-இல் மன்சிகெர்ட் போரில் பைசாந்தியம் தோற்றதும் அந்தத் துருக்கியரும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். எர்சிஞ்ஜான், கெமாஹ், திவ்ரீ மூன்றையும் மெங்குஜெக் என்ற குலம் பங்கிட்டு ஆண்டது. அனத்தோலியா வரலாற்றில் மிகச் சிறிய அரசுகளில் ஒன்று. அந்தக் குலத்தின் ஷாஹன்ஷா 1180-இல் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் கட்டினார். அதைக் கட்டிய ஹசன் இப்ன் ஃபீரூஸ், ஈரானின் மராகாவைச் சேர்ந்தவர். கையகலக் கட்டடம்தான். ஆனால் ஊரின் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது: கைத்திறன் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஆளை வரவழைப்பது.

ஷாஹன்ஷாவின் வழிவந்த அஹ்மத் ஷா, 1228-29-இல் கோட்டைச் சரிவில் பெரிய பள்ளிவாசலை எழுப்பத் தொடங்கினார். அதே ஆண்டில், அதே கட்டடத்தின் தென்பகுதியில், தூரான் மெலெக் என்ற பெண் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். அவர் எர்சிஞ்ஜானை ஆண்ட பக்ருத்தீன் பஹ்ராம்ஷாவின் மகள். பாரசீகக் கவி நிஜாமி தன் முதல் நெடுங்கவிதையைக் காணிக்கையாக்கியது இந்தப் பஹ்ராம்ஷாவுக்குத்தான். பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏறத்தாழ 32 மீட்டர் அகலம், 64 மீட்டர் நீளம். தொழுகிறவரும் நோயாளியும் ஒரே கூரையின் கீழ். ஒரு பெண் தன் பெயரில், தன் அறக்கட்டளையில், நோயாளிகளுக்குக் கட்டிய வீடு பள்ளிவாசலின் பின்புறத்தில் ஒட்டவைத்த அறையாக இல்லை. அதற்குத் தனி வாசல் உண்டு, அந்த வாசல் பள்ளிவாசலின் வாசல்களுக்கு இம்மியும் குறைந்ததல்ல.

வாசல்களைப் பற்றித்தான் பேச வேண்டும். வெறும் சுவர் கிட்டத்தட்ட மொட்டையாக இருக்கிறது. வெட்டிய கல், அவ்வளவுதான். அந்த மொட்டைச் சுவரில் திடீரென்று வாசல் வெடித்துக் கிளம்புகிறது. வடக்கு வாசலின் முன் நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது ஒருவிதத் திகைப்பு. இஸ்லாமியக் கட்டடக்கலையில் நாம் பார்த்துப் பழகியது தட்டையான, ஒழுங்கான, எண்ணிவிடக்கூடிய வடிவியல். இங்கே ஆள் உயர இலைகள் கல்லிலிருந்து புடைத்து வெளியே வருகின்றன. ஓர் இலைக்கு மேல் இன்னோர் இலை, அதன் மேல் வட்டத்தட்டுகள், அவற்றைச் சுற்றி நூல்போல் மெல்லிய கொடிகள். சில இடங்களில் உளி இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று உள்ளே போயிருக்கிறது. தூரத்தில் நின்றால் இடமும் வலமும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் போய் ஒரு பூவை எடுத்துக்கொண்டு அதன் இணையை எதிர்ப்பக்கம் தேடினால், அளவு ஒத்துப்போகும், உள்வேலை ஒத்துப்போகாது. அச்சில் வார்த்த வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்திருக்கிறார்கள்.

மேற்கு வாசல் வேறு உலகம். அங்கே ஆழம் இல்லை, விரிப்பு இருக்கிறது. கல்லில் நெய்த கம்பளம்போல் இருப்பதால் ஊரார் அதை நெசவு வாசல் என்கிறார்கள். அதன் ஓரத்தில் இருதலைக் கழுகு ஒன்று. பக்கத்தில் தலை தாழ்த்திய ஒரு பறவை. பெரிய அரசரான செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாதுக்குச் சிறிய அரசர் அஹ்மத் ஷா காட்டிய பணிவு அது என்று பலர் படிக்கிறார்கள். அப்படி இருந்தால் அதில் வியப்பில்லை. 1228-இல்தான் கைகுபாத் எர்சிஞ்ஜான் கிளையை விழுங்கினார். தூரான் மெலெக்கின் பிறந்த வீடு அது. அஹ்மத் ஷா தன் கல்வெட்டில் சுல்தானின் பெயரைப் பொறித்துத் தன் சிறு நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

கிழக்கு வாசல் அரசர் தம் தனி மாடத்துக்குப் போவதற்கானது. அடக்கமானது, வடிவியல் ஒழுங்கு கொண்டது. மருத்துவமனை வாசலோ நான்கிலும் துணிச்சலானது. கூர்வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படிப்படியாக உள்வாங்குகின்றன. வளைவுக்குள் மேலே ஒரு சன்னல், அதை இரண்டாகப் பிரிக்கும் ஒற்றைத் தூண். பக்கங்களில் சிதைந்துபோன இரண்டு மனித முகங்கள். ஐரோப்பியர்கள் வந்து பார்த்துவிட்டு, இது பிரான்சின் பேராலயங்களை நினைவூட்டுகிறது என்று எழுதினார்கள். வாசலுக்கு வாசல் பாணி இவ்வளவு மாறுவதால், எத்தனை ஊர்க் கைகள் இதில் புழங்கின என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். துருக்கியின் பெரும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் தோவான் குபான் இந்தக் கட்டடத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதி, தலைப்பிலேயே அதை அதிசயம் என்றார். மிகையில்லாமல் எழுதிய மனிதர். நேரில் பார்த்த பிறகு எனக்கும் அந்தச் சொல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கட்டடத்துக்குள் தலைமைச் சிற்பியின் பெயர் இருக்கிறது: முகீஸின் மகன் ஹுர்ரம்ஷா, அஹ்லாத்காரர். அஹ்லாத் வான் ஏரிக்கரை ஊர், கல்வேலைக்குப் பெயர்போனது. கருங்காலி மரத்தில் இழைத்த மிம்பர் என்ற பிரசங்க மேடையில் இன்னொரு பெயர்: இப்ராஹீமின் மகன் அஹ்மத், திஃப்லிஸ்காரர். இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிதான் அந்த ஊர். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1226-இல், மங்கோலியரிடம் தோற்றோடி வந்த குவாரிஸ்ம் சுல்தான் ஜலாலுத்தீன் திஃப்லிஸைச் சூறையாடினான். 1230-இல் அதே ஜலாலுத்தீன் நீண்ட முற்றுகைக்குப் பின் அஹ்லாத்தைப் பிடித்துக் கொள்ளையிட்டான். 1243-இல் இதே சிவாஸ் மண்ணில், கோஸெதாவில், மங்கோலியப் படை செல்ஜுக்குகளை நொறுக்கியது. சுற்றிலும் ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்த காலத்தில், அந்த ஊர்களின் கைவினைஞர்கள் இந்த மலைமடிப்பில் உட்கார்ந்து பூ செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்தால் பதினாறு கல்தூண்கள். மேலே விதானம் கட்டத்துக்குக் கட்டம் வேறாக இருக்கிறது. நடுவே வெளிச்சம் விழ ஒரு திறப்பு. தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் பெரியது, அலங்காரம் குறைவு, விளிம்புகளில் மட்டும் கனத்த இலைகள். மருத்துவமனைப் பகுதியில் நடுக்கூடம், அதில் ஒரு தொட்டி, சுற்றிலும் இரண்டு தளங்களில் அறைகள். தொட்டிக்கு வரும் நீரின் சலசலப்பைக் கேட்கவைத்து மனநோயாளிகளை ஆற்றினார்கள் என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். உஸ்மானியர் காலத்தில் இது மதரஸாவாக மாறியது. மூலையறையில் அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. அந்த அறையின் சன்னல் பள்ளிவாசலுக்குள் திறக்கிறது. தொழுகையின் ஓசை இறந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசேரப் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மேற்கு வாசலின் நிழலைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கோடைக் காலத்தில், பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால், கதவின்மீது விழும் நிழல் தொழுது நிற்கும் ஒரு மனிதனின் வடிவம் கொள்கிறது. பேருந்துகள் அந்த நேரம் பார்த்து வந்து நிற்கின்றன. நிழலுக்குக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தவர்கள், அது கலைந்ததும் கலைந்துவிடுகிறார்கள். சிற்பி நினைத்துச் செய்தாரா, தற்செயலா என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. நிழலைப் பார்க்க வந்தவர்கள் கல்லைப் பார்க்காமல் போவதுதான் என் வருத்தம்.

இந்தக் கல் மென்மையானது. அதனால்தான் உளி அவ்வளவு ஆழம் போக முடிந்தது. அதனாலேயே எளிதில் உதிரவும் செய்கிறது. சரிவில் இறங்கும் ஈரம் சுவருக்குள் ஏறுகிறது, உப்பு பூக்கிறது, பனிக்காலத்தில் உறைந்து விரிகிறது. நூற்றாண்டுகளாக முட்டுக்கொடுத்தும் தாங்கியும் வந்திருக்கிறார்கள். வடமேற்கு மூலையில் நிற்கும் பருத்த மினாரா, 1523-இல் சுல்தான் சுலைமான் காலத்தில் சேர்ந்தது. 2015-இல் தொடங்கிய பெரும் சீரமைப்பு 2024-இல்தான் முடிந்து, கட்டடம் மறுபடி திறந்தது. ஒன்பது ஆண்டுகள் மூடிக் கிடந்ததில் ஊரின் விடுதிகளும் கடைகளும் வாடின. ஆனாலும் அவசரப்படுத்தியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

பள்ளிவாசலை விட்டு இறங்கினால் பழைய திவ்ரீ வீடுகள். சுடாத செங்கல்லும் மரச்சட்டமும் சேர்த்துக் கட்டியவை. மாடியில் தெருவை எட்டிப் பார்க்கும் முகப்பறை, உள்ளே முற்றம், விருந்தினருக்கு ஒரு பகுதி, குடும்பத்துக்கு ஒரு பகுதி. தட்டையான மண்கூரை. ஒவ்வொரு மழைக்கும் பனிக்கும் பிறகு உருளைக்கல்லை இழுத்து அந்த மண்ணைக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆள் இருக்கும்வரை வீடு நிற்கும். வேலை தேடிக் குடும்பங்கள் இஸ்தான்புல்லுக்கும் ஜெர்மனிக்கும் போன பிறகு உருளைக்கல்லை இழுக்க யாருமில்லை. இரண்டு பனிக்காலம் போதும், கூரை உள்வாங்கிவிடும். அயன் ஆகா மாளிகை போன்ற சிலவற்றைப் புதுப்பித்துக் காப்பாற்றிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு மற்றவை கரைந்துகொண்டிருக்கின்றன. கல்லுக்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்கு மண்ணுக்குக் கிடைத்திருந்தால் இந்த ஊர் இன்று வேறாக இருக்கும். உலகப் பாரம்பரியப் பட்டியல் ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது, அது யாருடைய ஊரில் நிற்கிறதோ அந்த ஊரை விட்டுவிட்டது.

வீடுகள் கரைந்தாலும் அடுப்பு அணையவில்லை. அலாத்லி பிலாவ் என்று ஒரு சோறு வைக்கிறார்கள். இறைச்சி, கொண்டைக்கடலை, உலர்திராட்சை சேர்த்த சோறு. விருந்துக்கும் கல்யாணத்துக்கும் அதுதான். முசுக்கட்டைப் பழத்தை உலர்த்தியும், பாகாகக் காய்ச்சியும் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் போனால் தெருவெல்லாம் விரிப்பு விரித்து மரத்தை உலுக்கிக்கொண்டிருப்பார்கள். நடந்து போகிறவரை அழைத்து ஒரு கை நிறையப் பழம் தராமல் விடமாட்டார்கள்.

ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெருக்களும் இவற்றுள் உண்டு. கல்தச்சர்கள், கொல்லர்கள், வியாபாரிகள் என்று நூற்றாண்டுகளாக இங்கே இருந்தவர்கள். 1915-இல் உஸ்மானிய அரசு அவர்களைக் கூட்டங்கூட்டமாக நாடுகடத்தியது. போன வழியிலேயே பெரும்பாலோர் மாண்டார்கள். இடிந்த தேவாலயச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஊரின் பெருமையைச் சொல்லும் பலகைகளில் அவர்களுக்கும் இடம் வேண்டும். இருதலைக் கழுகைப் பற்றி எழுத இடமிருக்கும்போது இதற்கும் இருக்கும்.

இந்த ஊர் வெளியே அனுப்பிய மனிதர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. நூரி தெமிரா 1886-இல் திவ்ரீயில் பிறந்தார். குடியரசின் தொடக்க ஆண்டுகளில் ரயில் பாதை போடும் ஒப்பந்தங்களை எடுத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் பதித்தார். அத்தாத்துர்க் அவருக்குத் தெமிரா என்ற குடும்பப் பெயரைக் கொடுத்தது அதற்காகத்தான். இரும்பு வலை என்று பொருள். சம்பாதித்த பணத்தை விமானத்தில் போட்டார். 1936-இல் இஸ்தான்புல்லின் பெஷிக்தாஷில் தொழிற்சாலை, யெஷில்கோயில் ஓடுதளமும் விமானிப் பள்ளியும். தன் ஊரான திவ்ரீயிலும் ஒரு பள்ளி திறந்து, அதற்கு வானப் பள்ளி என்று பெயர் வைத்தார். ஆட்டுமந்தை மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்பியவர். 1938-இல் அவருடைய பொறியாளர் செலாஹத்தின் அலான் ஓட்டிச் சென்ற விமானம் எஸ்கிஷெஹிரில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி அலான் இறந்தார். கொள்முதல் உத்தரவு ரத்தானது. வழக்குகள் நீண்டன, தொழிற்சாலை மூடியது. யெஷில்கோய் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. பின்னாளில் அத்தாத்துர்க் விமான நிலையம் எழுந்தது அங்கேதான். 1957-இல் தெமிரா இறந்தார். சிவாஸ் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்.

மலைக்கிராமங்களுக்குப் போனால் பாட்டு. திவ்ரீயின் கிராமங்களில் பல அலெவி சமூகத்தினருடையவை. அவர்களுடைய ஜெம் என்ற கூட்டு வழிபாட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்கிறார்கள். நீண்ட கழுத்துள்ள சாஸ் என்ற நரம்பிசைக் கருவிதான் அங்கே வேதம் ஓதுகிறது. சாம்ஷிஹி பகுதியில் பிறந்த ஃபெய்ஸுல்லா சினார், இதே மாகாணத்தில் வாழ்ந்து தூக்கில் தொங்கிய பதினாறாம் நூற்றாண்டுக் கவி பீர் சுல்தான் அப்தாலின் பாடல்களைப் பிரான்சு வரை கொண்டுபோனவர். அந்தக் கவியின் பெயரால் சிவாஸில் நடந்த விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த மதிமாக் விடுதியை 1993 ஜூலை 2 அன்று ஒரு வெறிக்கூட்டம் கொளுத்தியது. கவிஞர்களும் பாடகர்களும் இளைஞர்களுமாக 33 பேரும், விடுதி ஊழியர் இருவரும் மாண்டார்கள். திவ்ரீயின் கிராமங்களில் அந்த நாள் இன்னும் ஆறாத காயம். ஆனால் சாஸ் நிற்கவில்லை. கோடையில் ஜெர்மனியிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் பிள்ளைகள் திரும்பும்போது ஒவ்வொரு கிராமமும் இரவெல்லாம் பாடுகிறது.

ஆக, மராகாவிலிருந்து ஒருவர், அஹ்லாத்திலிருந்து ஒருவர், திஃப்லிஸிலிருந்து ஒருவர், விரட்டப்பட்ட பாலிசியர், நாடிழந்த ஆர்மீனியர், மலையேறிய அலெவிகள் என்று வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிய ஊர் இது. வாசல் திறந்து வைத்த காலத்தில் வளர்ந்தது, ஆட்களைத் துரத்திய காலத்தில் தேய்ந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். நிழலுக்காக மட்டும் மாலையில் வந்து திரும்ப வேண்டாம். ஒரு இரவாவது ஊரில் தங்குங்கள். காலையில் வடக்கு வாசலைப் பாருங்கள், மாலையில் மேற்கு வாசலை, இடையில் கோட்டைக்கு ஏறுங்கள், 1196-இல் எழுந்த சித்தே மெலிக் கல்லறை மாடத்தையும் பாருங்கள். புதுப்பித்த பழைய வீடுகளில் அறை கிடைத்தால் அங்கேயே தங்குங்கள். அந்த வாடகைப் பணத்தில்தான் அடுத்த பனிக்காலத்துக்கு மண்கூரையின்மேல் உருளைக்கல் ஓட வேண்டும்.